என் கையெழுத்து செல்லுபடியான விதம்

காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் நான் நான்கு வருடம் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை சொல்லும் கவுன்சிலராக இருந்தேன். பட்டம் வாங்கியது கணிதத்தில். கல்யாணமாகி, மகள் கைக்குழந்தையாக இருந்த காலத்தில் அஞ்சல் வழியில் உளவியல் எம்.எஸ்ஸி. முடித்தேன். பள்ளியில் மாடிப்படிக்கு அடியில் எனக்கொரு சின்ன அறை கொடுத்திருந்தார்கள். கதவில் என் பெயரும் அதன் கீழே ‘உளவியல் நிபுணர்’ என்றும் அச்சடித்து ஒட்டியிருந்தது. அந்த இரண்டாவது வரியை நான் போடச் சொல்லவில்லை. எடுக்கவும் சொல்லவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண். வாயால் கேட்டால் எல்லாப் பாடமும் சொல்வாள். தாளில் எழுதச் சொன்னால் எழுத்துகள் இடம் மாறிக் கிடக்கும். அம்மாவும் அப்பாவும் வீட்டிலேயே தறி போட்டிருந்தார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரம் கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் பள்ளி லெட்டர்ஹெட்டில், இந்த மாணவிக்குக் கற்றல் குறைபாடு உள்ளது என்று ஒரு கடிதம் எழுதி, அழகாகக் கையெழுத்துப் போட்டு, அம்மாவிடம் கொடுத்து அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து அந்த அம்மா அதே கடிதத்தோடு வந்தார். நாலாக மடித்து மடித்து, மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது.

“கல்வி ஆபீசுக்கு மூணு வாட்டி போய் வந்தேன் டீச்சர். கையெழுத்துப் போட்டவங்க பதிவு நம்பர் இன்னான்னு கேக்குறாங்க. எனக்கு இன்னா தெரியும்? அவங்க பெரிய படிப்பு படிச்சவங்கன்னு சொல்லிப் பாத்தேன். இந்தக் கையெழுத்து செல்லாதுன்னுட்டாங்கமா.”

அவருக்கு என்மேல் கோபமே இல்லை. எனக்காக அங்கே வாதாடிவிட்டு வேறு வந்திருந்தார். அதுதான் தாங்க முடியவில்லை. மூன்று நாள் தறி நின்றிருக்கிறது, என்னால்.

அடுத்த வாரம் விடுப்புப் போட்டு அம்மாவையும் மகளையும் நானே சென்னையில் ஓர் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். அங்கே பதிவு பெற்ற உளவியலாளர் ஒருவர், கிட்டத்தட்ட என் வயதுதான் இருக்கும், இரண்டு மணி நேரம் அந்தப் பெண்ணுக்குச் சோதனைகள் செய்தார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என்ன நடக்கிறது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. எந்தச் சோதனை, எந்த வரிசையில், எதைப் பார்த்து எதை முடிவு செய்கிறார், ஒன்றும் தெரியாது. நான் அவளிடம் ஒரு பத்தி எழுதி வாங்கிப் பார்த்துவிட்டு நோய்ப்பெயர் எழுதியவள். அறிக்கை கிடைத்தது, கூடுதல் நேரமும் கிடைத்தது, அந்தப் பெண் பத்தாம் வகுப்பில் நல்லபடியாகத் தேறினாள். ஆனால் அன்று திரும்பி வரும் ரயிலிலேயே என் விஷயம் எனக்கு முடிவாகிவிட்டது.

கிளம்புமுன் அந்த உளவியலாளரிடம், நீங்கள் இருக்கும் இடத்துக்கு வர என்ன படிக்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். அவர் ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். முதலில் கல்லூரிக்கு நேரில் போய்ப் படித்த உளவியல் எம்.எஸ்ஸி. அதன்பிறகு நுழைவுத்தேர்வு, நேர்காணல். தேறினால் மருத்துவ உளவியலில் இரண்டு வருட எம்.ஃபில்., முழுநேரம், மருத்துவமனையிலேயே பயிற்சி. அதை முடித்தால்தான் தில்லியில் உள்ள அரசுக் கவுன்சிலில் பதிவு, பதிவு எண். என் அஞ்சல் வழிப் பட்டத்தை எம்.ஃபில்லுக்கு ஏற்க மாட்டார்கள் என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னார். அதாவது, படித்து முடித்த ஒன்றை நான் மறுபடியும் முதலிலிருந்து படிக்க வேண்டும். எனக்கு அப்போது முப்பத்தொரு வயது.

என் கணவர் ஐயம்பேட்டையில் இருசக்கர வாகனம் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். அன்று மாலை பட்டறையில் ஒரு வண்டியின் கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம் திரும்பி வந்தது, பெஞ்சில் உட்கார்ந்திருந்தது, சீட்டில் எழுதியது, எல்லாம். அவர் வேலையை நிறுத்தாமலே கேட்டார். கடைசியில் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, “அப்போ இத்தினி நாளா எல்எல்ஆர் வச்சிக்கினு பஸ் ஓட்டிக்கினு இருந்தியா?” என்றார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பழகுநர் உரிமத்தோடு பேருந்து ஓட்டுவது என்பதைவிட அதைச் சரியாக யாரும் சொல்லியிருக்க முடியாது.

“எத்தினி வருசம் படிக்கணும்?” என்று கேட்டார்.

“நாலு.”

“சரி, போய் லைசென்ஸ் எடுத்துக்கினு வா. புள்ளய நான் பாத்துக்கிறேன்.”

மறுநாள் பள்ளிக்குப் போனதும் கதவில் இருந்த இரண்டாவது வரியை நகத்தால் சுரண்டி எடுத்தேன். அந்தக் கல்வியாண்டு முடிந்ததும் வேலையை விட்டேன்.

சென்னையில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. இடம் கிடைத்தது. விடிவதற்குள் எழுந்து முதல் ரயிலைப் பிடித்தால்தான் முதல் வகுப்புக்குப் போய்ச் சேர முடியும். அதனால் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்த என் மகளுக்குத் தலை பின்னி அனுப்பும் வேலை அவள் அப்பாவிடம் போனது. முதல் மாதம் முழுக்க ஒரு சடை காதுக்கு மேலேயும் ஒரு சடை காதுக்குக் கீழேயும் தொங்கியது. பள்ளியில் டீச்சர் கேட்டதற்கு, எங்கள் அப்பா இப்போதுதான் கற்றுக்கொள்கிறார் என்று அவளே பதில் சொல்லியிருக்கிறாள். எங்கள் வீட்டில் அந்த வருடம் இரண்டு பேர் புதிதாகப் படித்தோம்.

கூடப் படித்த பெண்கள் முதல் நாள் என்னை ஆசிரியை என்று நினைத்து எழுந்து நின்றார்கள். அப்புறம் ஆன்ட்டி ஆனேன், முதல் செமஸ்டர் தேர்வுக்கு முன்னால் புள்ளியியல் சொல்லிக்கொடுத்த பிறகு அக்கா ஆனேன். கணிதப் பட்டம் கைகொடுத்த இடம் அது. பதிலுக்கு அவர்கள் என் ஆங்கிலத்தைத் தேற்றினார்கள். மாலை திரும்பும் ரயிலில் செங்கல்பட்டு தாண்டியதும் கூட்டம் குறையும், உட்கார்ந்து படிக்கலாம். அஞ்சல் வழியில் மனப்பாடம் செய்து எழுதியதையெல்லாம் அந்த ரயிலில்தான் முதல்முறையாகப் புரிந்துகொண்டேன்.

எம்.ஃபில். இடங்கள் எங்குமே விரல்விட்டு எண்ணக்கூடியவை. எம்.எஸ்ஸி. முடித்த வருடம் எழுத்துத் தேர்வில் தேறி நேர்காணல் வரை போனேன். கேட்டது பாதி புரிந்தது, சொன்னது பாதிதான் வெளியே வந்தது. மனநிலைப் பரிசோதனையின் படிகளை வரிசையாகச் சொல்லச் சொன்னார்கள். ஐந்தாவது படியில் நின்றுவிட்டேன். பட்டியலில் என் பெயர் இல்லை. என்னைவிடப் பத்து வயது சின்னவளான வகுப்புத் தோழிக்குக் கிடைத்தது. அவளை வாழ்த்திவிட்டு வீட்டுக்கு வந்து இரண்டு நாள் படுத்தே கிடந்தேன். மூன்றாம் நாள் திருப்புட்குழிப் பக்கம் ஒரு சிறப்புப் பள்ளியில் போய், சம்பளம் வேண்டாம், வேலை மட்டும் கொடுங்கள் என்று கேட்டுச் சேர்ந்தேன். பல் துலக்கவும் சட்டைப் பொத்தான் போடவும் சொல்லிக்கொடுப்பது அங்கே என் வேலை. ஒரு பொத்தானைப் போடுவதில் எத்தனை படிகள் இருக்கின்றன என்பது அந்த ஒரு வருடத்தில் தெரிந்தது.

அடுத்த வருட நேர்காணலில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆங்கிலத்தில் நாலைந்து கேள்விகள் போயின. இந்த முறை தடுமாறவில்லை, ஆனால் ஜொலிக்கவும் இல்லை. அப்போது ஓரத்தில் இருந்த ஒரு பேராசிரியர் என் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, சொந்த ஊர் தாமலா, அப்பா என்ன செய்கிறார் என்று தமிழில் கேட்டார். ஏரிப் பாசனத்தில் நெல் வைக்கிறார் என்றேன்.

“சரி. ஒரு விவசாயி தன் பொண்ணைக் கூட்டிட்டு வந்திருக்கார். பொண்ணுக்கு மனச்சிதைவு. நோய்ப்பேர் சொல்லக்கூடாது, இங்கிலீஷ் கூடாது. அவருக்குச் சொல்லுங்க.”

எனக்கு எதிரே இருந்த நான்கு பேரும் மறைந்துவிட்டார்கள். என் அப்பா துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

“ஐயா, உங்க பொண்ணு யாரோ பேசுறாங்கன்னு சொல்லுதே, அது பொய் சொல்லல. அதுக்கு நெசமாவே கேக்குது. நமக்குக் கேக்காததால அது நடிக்கிறதா ஆயிடாது. காய்ச்சல் வந்தா ஒடம்பு சுடுது இல்ல, அந்த மாதிரி மூளையில ஒரு வேலை தப்பா நடக்குது. நீங்க செஞ்ச பாவம் இல்ல, யாரும் செய்வினை வைக்கல. மாத்திரையில குரல் கொறையும். ஆனா நல்லாயிடுச்சேன்னு நீங்களா நிறுத்தக்கூடாது. அது பேசுறப்ப திட்டாதீங்க, ஆமான்னும் சொல்லாதீங்க. பயமா இருக்குதாமான்னு மட்டும் கேளுங்க. பயந்துக்கினுதான் இருக்கும்.”

கேட்டவர் தாளில் என்னவோ எழுதினார். அந்த வருடப் பட்டியலில் என் பெயர் இரண்டாவதாக இருந்தது. சேதி தெரிந்ததும் பட்டறையில் இருந்தவர்களுக்கெல்லாம் என் கணவர் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தார். என்ன படிப்பு என்று கேட்டவர்களுக்கு, சொல்ல வராது, ஆனா பெருசு என்றாராம்.

எம்.ஃபில். இரண்டு வருடமும் வார நாட்களில் சென்னையில் மகளிர் விடுதி, சனிக்கிழமை மாலை வீடு. எனக்கு மேற்பார்வையாளராக வந்தவர் என்னைவிட மூன்று வயது இளையவர். நான் அவரை மேடம் என்பேன். அவரும் என்னை நீங்கள் என்றுதான் பேசுவார். நான் முதன்முதலில் எழுதிய நோயாளி வரலாறு பதினோரு பக்கம். பெருமையோடு நீட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“அவங்க என்ன சொன்னாங்க, நீங்க என்ன நெனச்சீங்க, ரெண்டும் கலந்து கெடக்குது. பிரிச்சு எழுதிட்டு வாங்க.”

பிரித்தபோது நோயாளி சொன்னது நான்கு பக்கம்தான் தேறியது. மீதி ஏழு பக்கமும் நான்.

அதைவிடக் கஷ்டம், அறிவுரை சொல்லாமல் இருப்பது. நான்கு வருடம் பள்ளியில் அதையே தொழிலாகச் செய்தவள். நோயாளியின் சம்மதத்தோடு பதிவு செய்த என் முதல் அமர்வை நானும் அவரும் உட்கார்ந்து கேட்டோம். அதில் நான்தான் பேசிக்கொண்டே இருந்தேன். ஒரு சோதனைக் கருவியைக் கையாளவும், ஓர் அறிக்கையில் தேவையற்ற சொல்லை வெட்டவும், வாயை மூடிக்கொண்டு காத்திருக்கவும் எனக்குக் கிட்டத்தட்ட முதல் வருடம் முழுக்கத் தேவைப்பட்டது. ஒவ்வொரு கேஸுக்கும் பதிவேட்டில் மேற்பார்வையாளரின் கையெழுத்து வேண்டும். அவர் சும்மா போட மாட்டார். ஒரே அறிக்கையை ஐந்து முறை திருப்பி அனுப்பிய நாளும் உண்டு.

இரண்டாம் வருடம் எனக்கு வந்த ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். சின்ன காஞ்சிபுரத்தில் கோயில் கைங்கரியம் செய்யும் ஒரு குடும்பத்து அம்மாள். நாற்பதை ஒட்டிய வயது. காலையில் குளிக்கப் போனால் மூன்று மணி நேரம். சாமிக்குச் சமைக்கும் தளிகைப் பாத்திரங்களை மறுபடி மறுபடி கழுவுவார். கைகளில் தோல் வெடித்து ரத்தம் கசிந்தது. வீட்டில் வெகுநாள் அதை ஆசாரம் என்றே நினைத்திருந்தார்கள். மருத்துவர் எண்ணச் சுழற்சி நோய் (ஓ.சி.டி.) என்று கண்டு மாத்திரை கொடுத்து, சிகிச்சைக்கு என்னிடம் அனுப்பியிருந்தார்.

முதல் நாள் அவர் நாற்காலியில் உட்காரவில்லை. நான் நீட்டிய பேனாவைத் தொடவில்லை. சுவரில் படாமல் அறையின் நடுவில் நின்றுகொண்டே பேசினார். பேசும்போது என் ஊரைக் கேட்டார். தாமல் என்றேன். எந்தத் தெரு என்று கேட்டார். சொன்னேன். ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. நோயினால் நகர்ந்தாரா, நான் இன்னார் வீட்டுப் பெண் என்பதால் நகர்ந்தாரா? அன்று குறிப்பு எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. மேடத்திடம் போய், இந்த கேஸை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். அவர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை.

“வலிச்சதா?”

“ஆமா மேடம்.”

“வலிக்கும். அதை நோட்ஸ்ல எழுதாதீங்க, அவங்க முன்னாடியும் காட்டாதீங்க. இங்க வந்து சொல்லுங்க, எத்தனை தடவை வேணும்னாலும். இந்த ரூம் அதுக்குத்தான். ஆனா எதனால நகர்ந்தாங்கன்னு உங்களுக்கு இன்னும் தெரியாது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி வெச்சுக்கிட்டு கேஸை விடாதீங்க.”

விடவில்லை. அடுத்த அமர்வில், யாரைத் தொட்டால், எதைத் தொட்டால் குளிக்கத் தோன்றுகிறது என்று ஒரு பட்டியல் போட்டோம். குறைவான பயத்தில் தொடங்கி மேலே போக வேண்டும். பேருந்துக் கம்பி, மருத்துவமனைக் கதவு, நான். என் பெயர் பட்டியலின் பாதியில்தான் இருந்தது. அதற்கு மேலே கணவர். எல்லாவற்றுக்கும் மேலே, உச்சியில், அவருடைய பன்னிரண்டு வயது மகள்.

“ஸ்கூல்லேர்ந்து வரா. எங்கெங்கயோ ஒக்காந்துட்டு, யார் யாரையோ தொட்டுண்டு வரா. ரெண்டு வருஷமாச்சு, அவளுக்கு நான் தலை பின்னி விட்டு” என்றார். அப்போதுதான் முதல்முறையாக என் எதிரில் அழுதார். நான் எதுவும் சொல்லாமல் இருந்தேன். மேடம் கற்றுக்கொடுத்ததற்காக மட்டும் இல்லை. நானும் என் மகளுக்குத் தலை பின்னி வெகுநாளாகியிருந்தது.

ஆசாரம் எது, நோய் எது என்று பிரிப்பது என் வேலை இல்லை. அதற்கு எனக்கு உரிமையும் இல்லை. அதனால் அவருடைய கணவரை ஓர் அமர்வுக்கு வரச் சொன்னேன். சாஸ்திரப்படி எத்தனை முறை குளிக்க வேண்டும் என்று அவரிடம் மனைவியின் முன்னாலேயே கேட்டேன். “தளிகைக்கு முன்னாடி ஒரு தடவை தீர்த்தமாடினாப் போறும். இவ பண்றது எந்த சாஸ்திரத்துலயும் இல்லை. நானும் எத்தனையோ தரம் சொல்லிட்டேன், இவளால முடியலை” என்றார். அந்த அம்மாள் தலையாட்டினார். அது போதும் எங்களுக்கு. சாஸ்திரம் சொல்லும் குளியலில் நாங்கள் கை வைப்பதில்லை. அதற்கு மேல் போவதை மட்டும் குறைப்பது என்று மூவரும் பேசி முடித்தோம்.

கதவுப் பிடியைத் தொட்டுவிட்டுக் கை கழுவாமல் ஐந்து நிமிடம். அப்புறம் பத்து. பயம் மலை போல ஏறும், ஏறி நின்று, தானாகவே இறங்கும். அது இறங்கும் என்பதை அவருடைய உடம்பே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்; நான் சொல்லி நம்ப வைக்க முடியாது. ஏழாவது அமர்வில் நாற்காலியில் உட்கார்ந்தார். பத்தாவதில் என் பேனாவை வாங்கி எழுதினார். என் விரல்மேல் அவர் விரல் பட்டது. எழுதி முடித்து, பேனாவை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். நடுவில் ஒரு வாரம் எல்லாம் சரிந்து, திரும்பவும் மூன்று மணி நேரக் குளியலுக்குப் போனார். மறுபடியும் கீழிருந்து தொடங்கினோம்.

பதினெட்டாவது அமர்வுக்கு மகளையும் கூட்டி வந்தார். அந்தப் பெண்ணுக்கு ரெட்டைப் பின்னல், நேர்வகிடு, கனகாம்பரம் வைத்திருந்தது.

“கார்த்தால இவளுக்கு நான்தான் பின்னிவிட்டேன். இன்னும் நான் மறுபடி குளிக்கலை” என்றார் அந்த அம்மாள். அப்போது மணி பதினொன்றரை. எனக்கு அந்தச் சனிக்கிழமை எப்போது வரும் என்று இருந்தது. போனதும் என் மகளுக்குப் பின்னி விட உட்கார்ந்தேன். அப்பா இன்னும் நல்லாப் பின்னுவார் என்று சொல்லிவிட்டாள்.

ஆய்வேட்டை முடித்தேன். எழுத்துத் தேர்வு, நேரடி கேஸ் தேர்வு, வாய்மொழித் தேர்வு எல்லாம் ஒரே மூச்சில் வந்து போயின. கடைசிக் கையெழுத்தைப் பதிவேட்டில் போட்டபோது மேடம், உங்களுக்கு கேஸ் அனுப்ப நான் யோசிக்க மாட்டேன் என்றார். இரண்டு வருடத்தில் அவர் சொன்ன ஒரே பாராட்டு அது. சான்றிதழ்களை கவுன்சிலுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். ஒரு மதியம் மின்னஞ்சல் வந்தது. பெயர், தகுதி, பதிவு எண். நான்கு என்று சொன்ன வருடம் ஐந்தாகியிருந்தது. தாமலுக்கு போன் போட்டு அப்பாவிடம் எண்ணைப் படித்துக் காட்டினேன். அவர் மெதுவாகச் சொல்லு என்று கேட்டு, நெல் கணக்கு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டார்.

காஞ்சிபுரத்திலேயே ஒரு மருந்துக் கடையின் மாடியில் அறை பார்த்தோம். பலகைக்காக ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் மளமளவென்று ஒரு டிசைன் போட்டுக் காட்டினாள். ஒரு மூளை, அதற்குள் பல்சக்கரங்கள், பக்கத்தில் ஒரு தாமரை. என் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’.

“டாக்டர் வேணாம்மா. எடுத்துடு” என்றேன்.

“போட்டாத்தான் மேடம் ஜனங்க வருவாங்க. எல்லாரும் போடுறாங்க.”

“நான் டாக்டர் இல்ல. மருத்துவ உளவியலாளர். அப்படியே போடு.”

அவள் தட்டச்சு செய்தாள். பெரிய ‘ள’ இரண்டு இடத்திலும் சின்ன ‘ல’ ஆகியிருந்தது. திருத்தச் சொன்னேன். மூளையை எடுக்கச் சொன்னேன், சக்கரங்களோடு. தாமரையையும். வெள்ளையில் நீல எழுத்து மட்டும் மிஞ்சியது. ரொம்பக் காலியாக இருக்கிறதே மேடம் என்று அவள் கவலைப்பட்டாள். கீழே பதிவு எண்ணைப் போடச் சொன்னேன். ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லி, அவள் திருப்பிப் படித்த பிறகு சரி என்றேன்.

பலகையை என் கணவரே ஏணி போட்டு மாட்டினார். நான் தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்று இடது பக்கம் தூக்குங்கள், வலது பக்கம் இறக்குங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு ஷேர் ஆட்டோ வந்து குறுக்கே நின்று ஆள் ஏற்றியது. அது நகரும்வரை காத்திருந்து, மறுபடியும் முதல் எழுத்திலிருந்து கடைசி எண் வரை வாய்விட்டுப் படித்தேன். பக்கத்தில் வெற்றிலை வாங்க வந்த ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று இருந்தது.